பெரியம்மா கொடுத்த கார்

பெரியம்மாவுக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கும் பழக்கமே கிடையாது. வாசலில் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இந்தா புடிடி" என்று எதையாவது நீட்டுவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பை படிக்கட்டில் இருக்கும், பெரியம்மா தெரு முனையில் இருப்பார். பைக்குள் என்ன, அது எனக்கு வேண்டுமா, ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதா என்ற விசாரணையெல்லாம் அவரிடம் இல்லை. கொடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

சொந்தம் என்று பார்த்தால் அவர் எனக்கு ஒன்றும் இல்லை. வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த எங்கள் ஊரில் நான் பிறந்த வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர். மின்துறையில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் அமெரிக்காவில். பென்ஷன் மாதா மாதம் வந்து விழும். செலவு என்று பார்த்தால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் ஒருவேளைக் குழம்பும்தான். மிச்சம் முழுவதும் ஊருக்கு. எவ்வளவு நல்ல மனுஷி என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுஷிதான். எனக்கு வந்த கஷ்டமே அதுதான். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது பீரோ. அரியாங்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது மாடி வீடு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினாலே முழங்கை சுவரில் இடிக்கிற படிக்கட்டு. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் ஒரு டெம்போ வந்து நின்றது. அதில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்பு பீரோ, கதவில் முழுக் கண்ணாடி பதித்தது. டெம்போவுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் பெரியம்மா. "பாத்து ஏத்துங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் பீரோவைச் சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஹவுஸ் ஓனர் கத்த ஆரம்பித்தார். கடைசியில் அது படிக்கட்டுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் ஹவுஸ் ஓனரின் துடைப்பமும் சைக்கிள் பம்பும் அதற்குள் குடியேறின. "உங்க பெரியம்மா இத நமக்குக் குடுத்தாங்களா, ஹவுஸ் ஓனருக்குக் குடுத்தாங்களா?" என்று என் கணவர் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது பெரியம்மாவும் கேட்டார். "பீரோ எப்டிடி கீது?" நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எந்தக் கேள்விக்கும் பதில் வாங்கிப் பழக்கமில்லாதவர்.

இன்னொரு முறை புயல் அடித்து ஓய்ந்த மறுநாள். விடியற்காலையிலேயே அண்டா நிறைய சாம்பார் சாதம் கிளறி, ஒரு ஆட்டோவில் ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு நல்லவாடு மீனவர் குப்பத்துக்குப் போனார். அங்கே அதற்கு முன்பே மூன்று இடத்திலிருந்து சாப்பாடு வந்து இறங்கியிருந்தது. கடற்கரை ஓரமாகப் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. கூரை பறந்துபோன வீடுகளுக்கு வெளியே ஈரத் துணியோடு சனம் நின்றுகொண்டிருந்தது. பெரியம்மா அண்டாவை இறக்கச் சொன்னார், இறக்கியதும் ஆட்டோவை எடுக்கச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "எம்மா, நில்லும்மா. தார்ப்பாய் எதுனா கெடைக்குமா? புள்ளைங்க நனையிதுங்கம்மா" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோக்காரரும் வேகத்தைக் குறைத்தார். பெரியம்மா மட்டும் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "போப்பா போ, அதுங்க சாப்புடட்டும்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோபத்தில் நான் சாப்பிடவில்லை. ஊரில் கேட்டால், "நின்னு பேர் வாங்காத மனுஷி, குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காது" என்று புகழ்வார்கள். திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றும்.

போனிலும் அப்படித்தான். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் வைத்துவிடுவார். "ஹலோ பெரியம்மா" என்பதற்கு மேல் நான் அவரிடம் போனில் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதாக நினைவில்லை.

கார் விவகாரத்துக்கு வருகிறேன். கணவர் ஓட்டிய வெள்ளைக் கார் ஒன்று அவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. கணவர் இறந்த பிறகு அதை எடுக்க ஆள் இல்லை. பதினைந்து வருடம் தாண்டிவிட்டதால் பதிவைப் புதுப்பித்தால்தான் ரோட்டில் ஓட்டலாம் என்ற நிலை. இன்சூரன்ஸும் முடிந்திருந்தது. பேட்டரி செத்து, டயர்கள் அமுங்கி, பின் சீட்டில் பூனை குட்டி போட்டு வளர்த்துவிட்டுப் போயிருந்தது. ஒரு டிசம்பரில் மகள் அமெரிக்காவிலிருந்து போனில் பேசியிருக்கிறாள். அங்கே வருடக் கடைசியில் பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு போன் போட்டால் அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போவார்களாம். காருக்குக் காரும் தொலைந்தது, வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்று மகள் தன் காரைக் கொடுத்த கதையைச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். எங்கள் பெரியம்மாவுக்கு வழி கிடைத்துவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் கன்னியர் நடத்தும் குழந்தைகள் இல்லம் ஒன்று உண்டு. நடக்க முடியாத, கை கால் சரியாக வராத பிள்ளைகள் இருபது பேர் இருப்பார்கள். கார் அவர்களுக்கு என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். இல்லத்து சிஸ்டரிடம் கேட்கவில்லை, நேராக மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் கிறிஸ்மஸ் பூசையில் அறிவித்தார். முந்தின ராத்திரியே டயருக்குக் காற்றடித்து, டெம்போவில் கட்டி இழுத்து வந்திருந்த காரைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, தீர்த்தம் தெளித்து, ஆசீர்வாத ஜெபம் சொல்லி மந்திரித்தார்கள். ஊரே கை தட்டியது. பிறகுதான் கார் கிளம்பாது என்பது ஊருக்குத் தெரிந்தது. இளைஞர் குழுப் பையன்கள் தள்ளிக்கொண்டே இல்லம் வரை போனார்கள். கொடுத்தவர் அங்கே இல்லை. தீர்த்தம் காய்வதற்கு முன்பே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விட்டார்.

வில்லியனூர் கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் சின்ன அறை எடுத்து வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பெரியம்மாவின் கணக்கு என்னிடம். என் கெட்ட நேரம், அந்த இல்லத்தின் கணக்கும் என்னிடம். கிறிஸ்மஸ் முடிந்த இரண்டாம் நாள் பெரியம்மா மருந்துக் கடை வாசலில் நின்று ஹாரன் அடித்தார். நான் மாடியிலிருந்து இறங்கிப் போனேன்.

"காரு குடுத்துட்டன். வருஷம் முடியறதுக்குள்ள கணக்குல கழிச்சிடு" என்றார்.

"பெரியம்மா, அமெரிக்காவுல சட்டம் வேற. இங்க பணமா குடுத்தாதான் வரிக் கழிவு. அதுவும் செக்கு, இல்லன்னா ஆன்லைன். காரு, அரிசி, துணி, இதுக்கெல்லாம் கெடையாது."

"காரு இன்னா மரத்துல காச்சுதா? பணம் குடுத்துதானேடி வாங்குனோம்."

"அது அப்போ பெரியம்மா."

"அப்ப அந்தப் பணத்த எழுது."

"அதோட நமக்கு வருஷம் டிசம்பர்ல முடியல. மார்ச்லதான் முடியுது."

"அப்ப இன்னும் மூணு மாசம் கீது. பொறுமையா எழுது."

வண்டி போய்விட்டது. மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர், அரசாங்க ஆபீசில் நாற்பது பேரை வேலை வாங்கியவர், சட்டம் தெரியாதவர் இல்லை. சொன்னால் புரியும். ஆனால் சொல்வதற்கு நிற்க வேண்டுமே.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கழிவு கிடைக்காது, போனால் போகிறது என்று விட்டிருப்பேன். மார்ச் மாதம் நடுவில் இல்லத்துக் கணக்கை முடிக்கப் போனேன். வேப்ப மரத்தடியில் அந்தக் கார் மந்திரித்த மாலையின் நாரோடு நின்றுகொண்டிருந்தது. வராண்டாவில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது. பாகூர்ப் பக்கத்துப் பெண். அம்மா கூலி வேலை செய்கிறவள், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். பிறந்ததிலிருந்தே இடது முழங்கால் மடங்கியபடி இருந்த பிள்ளை. மழைக் காலத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்து காலை ஓரளவு நேராக்கியிருந்தார்கள். ஆபரேஷன் பாதிதான், மிச்சப் பாதி பிசியோதெரபி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரம் இரண்டு முறை அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை நீட்டிப் பழக்க வேண்டும், விட்டால் மறுபடி மடங்கிக்கொள்ளும். காலைச் சுற்றி இரும்பும் தோலுமாக ஒரு சட்டம் கட்டியிருப்பார்கள். அதோடு பஸ் ஏற முடியாது. அதனால் காதர் பாய் என்கிற ஆட்டோக்காரர் வாரம் இரண்டு முறை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். ஆட்டோ வாடகையை மாதா மாதம் கொடுத்தது யார் தெரியுமா? பெரியம்மாதான். அவர் கொடுத்தவற்றிலேயே யாருக்கோ உண்மையில் தேவைப்பட்ட ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஆட்டோதான். அதுவும் சிஸ்டர் கேட்டுக் கொடுத்ததில்லை, தற்செயலாக அமைந்தது.

"என்னடி ஸ்டெல்லா, இன்னைக்கு ஆஸ்பத்திரி இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறதே இல்லக்கா. கிறிஸ்மஸ்லேர்ந்து போவல" என்றாள்.

உள்ளே போய் சிஸ்டரிடம் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். நான் விடவில்லை. கார் கொடுத்த மறுநாளே பெரியம்மா காதர் பாயிடம் போய், இனி வர வேண்டாம், அங்கேதான் கார் இருக்கிறதே என்று சொல்லிவிட்டாராம். வாடகையும் அன்றோடு நின்றது. கார் ஓடாது. ஓட்ட டிரைவர் கிடையாது. ஓடினாலும் மடங்காத சட்டத்தோடு அந்தச் சின்ன பின் கதவு வழியாகப் பிள்ளையை உள்ளே ஏற்ற முடியாது.

"வேற ஆட்டோ வெச்சிக்கிட்டுப் போயிருக்கலாமே சிஸ்டர்?"

"அது எப்படிம்மா? கார வாசல்ல நிறுத்தி வெச்சிக்கிட்டு ஆட்டோவுல போனா அவங்க மனசு கஷ்டப்படாதா? தெனம் இந்த வழியாத்தானே போறாங்க. எவ்ளோ பெரிய மனசோட குடுத்தாங்க."

"அவங்ககிட்ட சொல்லலாம்ல?"

"குடுத்தவங்ககிட்ட வேணாம்னு எப்படிம்மா சொல்றது? நம்ம அரிசியும் அவங்கதானே குடுக்கறாங்க."

சிஸ்டர் நல்லவர். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பக்கம் கேட்காமலே கொடுக்கிற பெரியம்மா, இன்னொரு பக்கம் வாயைத் திறக்காமலே வாங்கிக்கொள்கிற சிஸ்டர். நடுவில் அந்தப் பிள்ளையின் கால் வாரத்துக்கு வாரம் மடங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். டிசம்பரில் கட்டிலில் கிட்டத்தட்ட நீட்டிப் படுத்த கால், இப்போது அடியில் ஒரு தலையணை செருகுமளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

வழியில் காதர் பாயைப் பார்த்தேன். "நான் இன்னாம்மா பண்றது? அம்மாவே வேணாம்னுட்டாங்க. ஸ்கூல் சவாரி ஒத்துக்கினேன். அந்தப் பொண்ணு எப்டிம்மா இருக்குது?" என்று கேட்டார். ஊரில் அவளைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "பூசைல இருக்கன், அப்பறம்" என்று வைத்தார். மறுபடி போட்டேன். "கணக்க முடிச்சிட்டியா? சரி" என்று வைத்தார். அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நான், உள்ளேயிருந்து ஸ்கூட்டரோடு அவர். "நல்ல நேரத்துல வந்தடி, இந்தா" என்று ஒரு பையில் முருங்கைக்காயைத் திணித்துவிட்டுப் போயே போய்விட்டார். நடு ரோட்டில் முருங்கைக்காயோடு நின்று நான் அவரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுத முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை விடும் நேரத்தில் அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் வந்து சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். நான் கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடி பண்ற?"

"எங்கூட வாங்க. இல்லத்துக்கு."

"எதுக்கு? அங்க எனக்கு இன்னா வேல?"

"வந்தாதான் சாவி தருவேன்."

கோயிலிலிருந்து வெளியே வந்த சனம் எங்களை வேடிக்கை பார்த்தது. பெரியம்மா என்னை முறைத்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த அம்மாவிடம் யாரும் அப்படி நடந்துகொண்டதில்லை.

இல்லத்தில் எங்களைப் பார்த்ததும் சிஸ்டருக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலி போட்டார், காப்பி கொண்டுவரச் சொன்னார். பெரியம்மா உட்காரவில்லை. நான்தான் பேச ஆரம்பித்தேன். "சிஸ்டர், கார் இங்க உபயோகமா இருக்குதா? பெரியம்மா தெரிஞ்சிக்கணும்னு வந்திருக்காங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். முகம் முழுவதும் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தார். "ரொம்ப உபயோகமா இருக்குதும்மா. நீங்க எது குடுத்தாலும் எங்களுக்கு ஆசீர்வாதம்தான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கண்ணெதிரே அந்தக் கார் நாலு டயரும் தரையில் படிய நின்றுகொண்டிருக்கிறது. பெரியம்மா அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்தார். அவர் முகம் என்னவோ போல ஆனது. பிறகு வழக்கம்போலத் திரும்பினார். "அதான் சொல்லிட்டாங்களே. சாவியக் குடு" என்று என்னிடம் கையை நீட்டினார்.

"பொய்யி."

வராண்டா மூலையிலிருந்து ஸ்டெல்லாதான் சொன்னாள். சிஸ்டர் "ஏய்" என்று அதட்டினார். அவள் நிறுத்தவில்லை.

"காரு ஓடாது. எனக்கு காரு வேணாம் பெரியம்மா. காதர் பாய் ஆட்டோ வேணும். ஆஸ்பத்திரி அக்கா, வராம இருந்தா கால் திரும்பி மடங்கிடும்னு சொன்னாங்க. மடங்கிடுச்சி, பாருங்க."

பெரியம்மாவை நோக்கி வேண்டாம் என்ற சொல்லை ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். என் வாயில் அத்தனை வருடம் வராதது அது. படிக்கட்டுக்கடியில் அந்தப் பீரோவை நிறுத்தி வைத்தவர்களில் நானும் ஒருத்திதானே.

பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்றார். "எத்தினி நாளா போவல?" என்று கேட்டார். ஸ்டெல்லா சொன்னாள். பெரியம்மா சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சிஸ்டர்? கார எடுத்துனு போன்னு சொன்னா நான் இன்னா உங்கள அடிக்கவா போறன்?" என்றார். குரல் உயரவில்லை. சிஸ்டர் அழுதுவிட்டார். யாரும் அவரைத் தேற்றவில்லை. எனக்குத் தேற்றத் தோன்றவும் இல்லை.

"நாளைக்கே ஆட்டோ வரும்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார் பெரியம்மா. "வேற இன்னா வேணும்?" அவசரத்தில் கேட்டதுதான், கேட்டுவிட்டுக் கிளம்பத்தான் அவர் கால் தயாராக இருந்தது. ஆனால் கேட்டது ஸ்டெல்லாவிடம்.

"நீங்களும் வாங்க" என்றாள் அவள். "அங்க கால இழுக்கறப்ப ரொம்ப வலிக்கும். சிஸ்டர் பயந்துகினு வெளிய நின்னுக்குவாங்க. நீங்க உள்ள வந்து என் கையப் புடிச்சிக்கிங்க."

பெரியம்மா என் பக்கம் கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரத்திலேயே காரை எடுத்துக்கொண்டு போக வில்லியனூரில் பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கும் ஒருவரைப் பிடித்தேன். மந்திரித்த வண்டியை விற்பதா என்று ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சாமியார், தாராளமாக விற்கலாம் என்றார், அத்தோடு அடங்கியது. உடைசலுக்குக் கிடைத்த தொகையைப் பெரியம்மா தன் செக்காக இல்லத்துக்கு எழுதினார். மார்ச் முடிவதற்குள் ஆகிவிட்டதால் கணக்கில் கழிவும் கிடைத்தது. சட்டப்படி எல்லாம் சரியாக வந்த அந்தக் கணக்கை எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் திருப்தி இல்லை. மூன்று மாதம் போனது போனதுதான். ஸ்டெல்லாவின் கால் அதற்குப் பிறகு முழுவதுமாக நேராகவே இல்லை. இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகலாம் என்கிறார்கள். பெரியம்மாவைப் போன வருடம் மகள் வந்து அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவரை நினைத்தால் எனக்குப் பாதி பாசமும் பாதி எரிச்சலும் இன்னும் சேர்ந்துதான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஸ்டெல்லா முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் போனேன். பெரியம்மா போனில், "காலைல பத்து மணிக்கு இல்லத்துக்கு வந்துடு, நீயும் வர" என்று சொல்லிவிட்டு வைத்திருந்தார். அவர் வருவார் என்றே நான் நம்பவில்லை. ஆனால் காதர் பாயின் ஆட்டோவில் பெரியம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவின் சட்டம் போட்ட காலைக் குறுக்கே நீட்டி எங்கள் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டோம். பிள்ளை முன் சீட்டில் இருந்த காதர் பாயிடம் வாயாடிக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் பெரியம்மா பேச ஆரம்பித்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எங்கம்மா நாத்து நடப் போவும். கிறிஸ்மஸுக்கு மொத நாளு நெலத்துக்காரர் வூட்டுல பொடவ குடுப்பாங்க. வாசல்ல வரிசையா நிக்க வெச்சி குடுப்பாங்க. வாங்குனவ அங்கியே பிரிச்சிப் பாக்கணும். நல்லா இருக்குதுன்னு சொல்லணும். அவங்க கேட்டு சந்தோஷப்பட்டப்பறம்தான் அடுத்த ஆளு. ஒரு வருஷம் எங்கம்மாவுக்கு வந்த பொடவையில நடுவுல எலி கடிச்ச ஓட்ட. எங்கம்மா அத உள்பக்கமா மடிச்சிக்கினு, ரொம்ப நல்லா இருக்குதுங்கன்னு சிரிச்சிது. நான் பக்கத்துல நின்னுனு இருந்தன்."

மடியில் இருந்த காலின் சட்டத்துத் தோல் வாரைச் சரி செய்தார்.

"அப்பறம் வாங்கறவங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்லடி. அந்தச் சிரிப்ப யாரும் எனக்கு சிரிக்க வேணாம்னு. அன்னிக்கு சிஸ்டர் அப்டியேதான் சிரிச்சாங்க."

இத்தனை வருடமும் நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. அதே சமயம், அம்மாவின் புடவை ஓட்டைக்கு இந்தப் பிள்ளை ஏன் காலைக் கொடுக்க வேண்டும் என்ற கோபமும் போகவில்லை. இரண்டும் இருந்தது. ஆட்டோ அரியூருக்குள் திரும்பியது.

பிசியோதெரபி அறை சின்னது. ஒரு உயரமான கட்டில், சுவரில் எலும்புக் கூட்டின் படம். அங்கே இருந்த பெண் சின்ன வயது, கனிவானவள். காலைத் தொட்டுப் பார்த்ததுமே அவள் முகம் வாடியது. "ஏன்டா குட்டி இவ்ளோ நாள் வரல? இன்னைக்குக் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கணும்" என்றாள். சிஸ்டர் வரவில்லை. நான் கதவோரம் நின்றேன். பெரியம்மா கட்டில் பக்கத்தில் நின்று கையைக் கொடுத்தார். ஸ்டெல்லா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் முழங்காலை ஒரு கையால் அமுக்கி, குதிகாலை இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள். ஸ்டெல்லா போட்ட கூச்சலில் வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பெரியம்மா கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு எலும்புக் கூட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தப் பெண் மறுபடி இழுத்தாள்.

"பெரியம்மா, சொவத்த பாக்காதீங்க" என்று கத்தினாள் ஸ்டெல்லா. "இங்க பாருங்க. என்ன பாருங்க."

பெரியம்மா திரும்பினார். அழுது சிவந்து, மூக்கு ஒழுகி, வலியில் கோணியிருந்த அந்த முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் காலைக் கீழே வைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.